மூன்று நாய்களும் ஒரு கூடாரமும்

எங்கள் வீட்டில் மூன்று நாய்கள். மணி, காலூ, ராணி. மூன்றும் தில்லித் தெருக்களில் பிறந்தவை. குலம், கோத்திரம் எதுவும் கிடையாது. முதல் இரண்டையும் ஒரு மழைநாளில் மகள் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். மூன்றாவது யாரும் அழைக்காமல் தானே மாடியேறி வந்து, கதவருகே படுத்துக்கொண்டு, போக மறுத்துவிட்டது.

நாய் வளர்ப்பவர்கள் ஊருக்குப் போவதில்லை என்பது அவற்றை வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. தஞ்சாவூரில் கல்யாணம் என்றால் நான் போவேன், இவர் வீட்டுக் காவல். திருச்சியில் சாவு என்றால் இவர் போவார், நான் காவல். மூன்று வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து எந்த விசேஷத்திலும் தலைகாட்டவில்லை. உறவுக்காரர்கள் வேறு அர்த்தம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 மே மாதம், தில்லி வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, இந்தத் தடவை எல்லோருமாகப் போவது என்று முடிவாயிற்று. எல்லோரும் என்றால் ஆறு பேர்.

ரயில் சரிப்படாது. நாயோடு போக வேண்டுமானால் முதல் வகுப்பில் இரண்டு பேர் அறையையோ நான்கு பேர் அறையையோ முழுசாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டி. இரண்டாம் வகுப்பு ஏ.சி., மூன்றாம் வகுப்பு ஏ.சி., ஸ்லீப்பர் எதிலும் அனுமதி இல்லை. மூன்று நாய்களுக்கு என்று கேட்டதும் கவுன்டரில் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மலையூர் ஓட்டல்களுக்குப் போன் போட்டோம். ஒரு நாய் என்றால் யோசித்தார்கள். என்ன ஜாதி என்று விசாரித்தார்கள். தெருவில் எடுத்தவை, அதுவும் மூன்று என்றதும் மரியாதையாக வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது கூடாரம்தான்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவளுக்கு இங்கே ஒரு சங்கடம். 'கேம்பிங்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? முகாம் என்றால் கண் சிகிச்சை ஞாபகம் வருகிறது, இல்லாவிட்டால் அகதிகள். பாசறை என்ற நல்ல பழைய சொல் இருக்கிறது. ஆனால் அது போர்க்களத்தைச் சேர்ந்தது. முல்லைப்பாட்டில் அரசன் உறக்கம் கொள்ளாமல் கிடப்பது பாசறையில்தான். சந்தோஷத்துக்காகக் கூடாரம் அடித்துத் தங்குவது என்ற வழக்கமே நம்மிடம் இல்லாததால் அதற்குச் சொல்லும் இல்லை என்று நினைத்திருந்தேன். முதல் ராத்திரி முடிந்தபோது பாசறையே சரியான சொல் என்று பட்டது. உறக்கம் கொள்ளாத விஷயத்தில் நாங்கள் அந்த அரசனுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

போன இடம் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டம். பாலம்பூருக்கு மேலே ஒரு கிராமம், தவுளாதார் மலைத்தொடரின் அடிவாரம். தில்லியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். பழைய மாருதி வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஜமக்காளம் விரித்தோம். மலைப்பாதையில் நாய்க்கும் குமட்டும். ஆகவே கிளம்புவதற்கு முன் தீனி போடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். டீ குடிக்க இறங்கினால் ஒருவர் வேனிலேயே இருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய வண்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். அதில் நாய் செத்துப்போகும்.

அறுவடை முடிந்த கோதுமை வயல் ஒன்றைப் பேசி, அதன் ஓரத்தில் கூடாரம் அடித்தோம். நால்வருக்கானது என்று கடைக்காரர் சொன்ன கூடாரம். அவர் கணக்கில் நாய் இல்லை. முதல் மணி நேரத்திலேயே ராணியின் நகம் தரைவிரிப்பைக் கிழித்தது. மூன்றுக்கும் தனித்தனித் தட்டு, தனித்தனி மூலை. பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சண்டை. மூன்று கயிறும் ஒரே இடத்தில் கட்டினால் அரை மணியில் ஜடை பின்னிக்கொள்ளும். ஓடைத் தண்ணீரை நேராகக் குடிக்க விடாதீர்கள் என்றார் வயல்காரர். மூக்குக்குள் அட்டை ஏறிவிடுமாம். ஏறிவிட்டால், ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் மூக்கைக் காட்டிக் காத்திருக்க வேண்டும். அட்டை தண்ணீருக்குத் தலை நீட்டும்போது பிடித்து இழுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். ராத்திரியில் நாயை வெளியே கட்டாதீர்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. இதைக் கேட்டபிறகு ஆறு பேரும் கூடாரத்துக்குள்தான். மூன்று ஈர நாய்கள் மூச்சு விட்டால் கூடாரத் துணியின் உட்புறம் வேர்த்து முகத்தில் சொட்டும். வெளியே ஒவ்வொரு சருகு அசைவுக்கும் மணி உறுமும், மற்ற இரண்டும் எழுந்து நிற்கும், எங்கள் வயிற்றின் மேல்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அடுத்த வயலுக்கு ஆட்டு மந்தை ஒன்று வந்து சேர்ந்தது. இருநூறு, முந்நூறு தலை இருக்கும். நம் ஊரில் கிடை போடுவோமே, அதேதான். வயலுக்கு எரு கிடைக்கும், ஆட்டுக்காரருக்கு ஏதாவது கிடைக்கும். கத்தி என்று அழைக்கப்படும் மலை ஆயர்கள் இவர்கள். குளிர்காலத்தில் அடிவாரக் காடுகளுக்கு இறங்கி, கோடை வந்ததும் மந்தையோடு கணவாய்களைத் தாண்டிச் சம்பாவுக்கும் லாஹவுலுக்கும் ஏறுகிறவர்கள். ராமநாதபுரத்துக் கீதாரிகளைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த நடை உடனே பிடிபடும். உடம்பில் கம்பளி அங்கி, இடுப்பைச் சுற்றிக் கனத்த கம்பளிக் கயிறு. அங்கிக்குள் ஒரு குட்டி ஆடு தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மந்தையோடு நான்கு நாய்கள். அடர்ந்த ரோமம், பெரிய தலை, கழுத்தில் இரும்புமுள் பட்டை. சிறுத்தை கழுத்தைத்தான் பிடிக்கும் என்பதால் அது. எங்கள் நாய்களின் கழுத்தில் சலங்கை இருந்தது. மகள் கட்டியது.

அடுத்து நடந்தது முழுக்க என் தப்பு. காலூவின் கயிற்றைக் கூடாரத்தின் முளையில் கட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். மந்தை வாசனை பிடித்ததும் அவன் ஒரே இழு. முளை பிடுங்கிக்கொண்டது, கூடாரம் பாதி சாய்ந்து ராணியின் மேல் விழுந்தது, காலூ கயிறும் முளையுமாக மந்தைக்குள் பாய்ந்துவிட்டான். நாங்கள் ஓடிப்போவதற்குள் ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் பின்னங்காலைக் கவ்வியிருந்தான். மறு விநாடி அந்த நாய்களில் இரண்டு அவனைப் புரட்டிப் போட்டு மேலே நின்றன. ஒரு சீழ்க்கை கேட்டது. இரண்டும் விலகின. சீழ்க்கை ஒரு நொடி தாமதித்திருந்தால் இந்தப் பத்தியை எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது. காலூவுக்கு ஒரு காது கிழிந்ததோடு போயிற்று.

ஆட்டுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குட்டியின் காலைத் தடவிப் பார்த்தபடி, "பெஹன்ஜி, இது ஊசி போட்ட நாயா?" என்று மட்டும் கேட்டார். வேனிலிருந்து தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் தேதிகளை உரக்கப் படித்தாள், ரேபீஸ், டிஸ்டெம்பர் எல்லாம். அதன் பிறகுதான் அவர் முகம் தளர்ந்தது. இவர் இரண்டாயிரம் ரூபாயை நீட்டினார். "குட்டி பிழைத்துக்கொள்ளும்" என்று ஆயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டுப்பால் டீ வந்தது. "பாபாஜி, எங்களை மன்னிக்க வேண்டும்" என்றேன். மன்னிப்பை அவர் பொருட்படுத்தவில்லை. முந்தின வருடம் அவருடைய நல்ல நாய் ஒன்று செத்துவிட்டதாம். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, பிறகு இழுப்பு வந்து போயிற்றாம். கேட்டவுடன் டிஸ்டெம்பர் என்று தோன்றியது. ரோட்டோரம் திரியும் நாய்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்பது அவர் கட்சி. அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? "உங்கள் ஊர்க்காரர்கள் வண்டியில் கொண்டுவருகிறார்கள். போகும்போது வண்டியில் இடம் இருப்பதில்லை." வெள்ளை ரோமமும் நீலக் கண்ணுமாக ஒரு நாயைக்கூட அப்படிப் பார்த்திருக்கிறாராம். விடப்பட்டவை குப்பையைத் தின்று, கூட்டம் சேர்ந்து, குட்டி போட்டு, பிறகு மந்தைக்கு வருகின்றன. சிறுத்தை வந்தால் ஒன்றோடு போய்விடும், நாய்க்கூட்டம் வந்தால் பத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும் என்றார்.

இது ஒரு மலையின் கதை இல்லை. லடாக்கின் சாங்தாங்கில் கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டும் சதுப்புகளில் முட்டைக்கும் குஞ்சுக்கும் இன்று பெரிய எதிரி நாய்தான். முகாம்கள் கொட்டும் எச்சில்தான் அவற்றுக்குச் சோறு. நாயை அநாதையாக விடுவது 1960-ம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் அதைவிட ஜாஸ்தி வாங்குகிறார்கள்.

இந்த விஷயம் மறுபடி ஞாபகம் வர ஒரு காரணம் இருந்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் தவிர, என்றார்கள். இடைப்பட்ட பதினொரு நாளில் எங்கள் குடியிருப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. குழந்தையை நாய் கடித்துப் பதறியவர்கள் ஒரு பக்கம். அவர்கள் பயம் பொய்யில்லை. சோறு போடுகிறவர்கள் மறுபக்கம். நடுவில் ஒரு பெரியவர், இருவருக்கும் நல்லவராக, சமரசம் சொன்னார்: "எதற்குச் சண்டை? ஒரு லாரியில் ஏற்றி மலைப்பக்கம் விட்டுவிட்டு வந்தால் அதுகளும் சுகமாக இருக்கும்." அந்த வெள்ளாட்டுக் குட்டியின் காலை அவருக்குக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. அந்த ஆட்டுக்காரரின் நாய் இனமான கத்தி நாயைக் கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வள நிறுவனம் 2025 ஜனவரியில் பதிவு செய்தது. நாட்டில் இப்படிப் பதிவான நாய் இனங்களில் அது நான்காவது. முந்தைய மூன்றில் இரண்டு நம்முடையவை, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். இன்னொன்று கர்நாடகத்தின் முதோள். பதிவேட்டில் பெயர் ஏறியாயிற்று. ஆனால் மந்தையோடு நடக்கும் நாய்க்குத் தடுப்பூசி போட அந்த ஏற்றத்தில் எந்த டாக்டர் ஏறிப் போகிறார் என்பது வேறு கேள்வி.

நாங்கள் கூடாரத்தை விட்டுவிடவில்லை. ஆனால் சில விஷயங்கள் மாறிவிட்டன. சரணாலயப் பக்கம் போவதில்லை. மந்தை வரும் பருவமா என்று கேட்காமல் கிளம்புவதில்லை. நாய்களுக்கு இரும்பு முளைகள் தனியாக வாங்கியாயிற்று. மிஞ்சிய சோற்றைப் புதைப்பதில்லை, மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவருகிறோம். புதைத்தால் நாய் தோண்டும்.

அன்று காலை நாங்கள் கிளம்பியபோது ஆட்டுக்காரர் மந்தையை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எண்ணி, திரும்பவும் எண்ணினார். பிறகு எங்கள் வேனருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வழியனுப்ப வந்தார் என்று நினைத்துக் கும்பிட்டேன். அவர் பார்த்தது எங்களை இல்லை. "ஏக், தோ, தீன்" என்று விரலை மடக்கினார். கணக்குச் சரியாக இருந்தது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் எண்ணியதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, எங்களையும் அப்படி நினைத்துவிட்டாரே என்று. இப்போது ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது நானே எண்ணுகிறேன்.