நம்பிக்கைக்கும் அளவுண்டு

சென்ற மாதம், முன்பு என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பத்திரிகைத் துண்டொன்றுடன் வீட்டுக்கு வந்தாள். புற்றுநோயைக் கரித்துகள் வென்றுவிட்டது என்பது அதன் தலைப்பு. "சேர், அம்மாவுக்கு இந்த மருந்து எங்க எடுக்கலாம்? அது வருமட்டும் மற்ற ஊசியை நிற்பாட்டி வைப்பமோ?" என்று கேட்டாள். அக்கேள்வியே என்னை எழுதத் தூண்டிற்று.

அத்தலைப்பு முழுப் பொய்யன்று. அதுவே அதன் ஆபத்து. பென்சிற் காரீயமும் வைரமும் காபன் என்னும் ஒரே மூலகத்தின் வடிவங்கள் என்பதை மாணவர் அறிவர். அறுபது காபன் அணுக்கள் பந்துபோற் கூடி நிற்பதை 1985 இல் குரோட்டோ, கேர்ள், ஸ்மோலி ஆகியோர் கண்டறிந்து, 1996 இல் நோபல் பரிசு பெற்றனர். பின்னர், தலைமயிரினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய காபன் குழாய்களை அறிஞர் ஆராயலாயினர். 2005 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் அக்குழாய்களிற் போலிக் அமிலத்தைப் பொருத்தினர். அந்த உயிர்ச்சத்தைப் பற்றியிழுக்கும் ஏற்பிகள் மிகுந்த புற்றுநோய்க் கலங்கள் குழாய்களை உள்வாங்கின. செந்நிறக் கீழ்க் கதிரைப் பாய்ச்சியதும் குழாய்கள் சூடேற, அக்கலங்கள் மடிந்தன; ஏற்பிகள் குறைந்த சாதாரண கலங்கள் பிழைத்தன. வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் அது நிகழ்ந்தது ஆய்வுகூடக் கிண்ணத்தில்.

மனித உடல் கிண்ணமன்று. பலவகை நுண்துகள் மருந்துகள் பற்றிய பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016 இல் வெளியான கணிப்பின்படி, செலுத்திய அளவில் ஏறத்தாழ 0.7 வீதமே கட்டியைச் சென்றடைகிறது. அன்றியும், நீண்ட காபன் குழாய்களை எலிகளின் வயிற்றறையிற் செலுத்தியபோது, அவை அஸ்பெஸ்தோஸ் நார்போலத் தீங்கு விளைத்ததை 2008 இல் ஒரு பிரித்தானிய ஆய்வு காட்டியது. நீளமும் மேற்பூச்சும் மாறத் தீங்கும் மாறும் என்பது உண்மை. அதனை அறிந்து தெளிய ஆண்டுகள் வேண்டும்.

இவ்விடத்தில் நான் ஸ்மோலியை நினைக்கிறேன். 1999 இல், புற்றுநோய்ச் சிகிச்சையால் தலைமயிர் உதிர்ந்த கோலத்தில், அவர் அமெரிக்க காங்கிரசின் குழுவொன்றின் முன் தோன்றினார். புற்றுக் கலத்தை மட்டும் தேடிச் செல்லும் மருந்து ஒருநாள் வரும் என்றார்; அதைக் காணத் தாம் உயிரோடிராமற் போகலாம் என்பதையும் ஒளிக்காது சொன்னார். 2005 இல் அந்நோயே அவரைக் கொண்டுசென்றது. நம்பிக்கையை இவ்வாறன்றோ பேசவேண்டும்!

தமிழில் அறிவியல் எழுதுவோரிடம் நான் வேண்டுவது ஒன்றே. நிகழ்ந்தது கிண்ணத்திலா, எலியிலா, மனிதரிலா என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். கலைச்சொல் சற்றுப் பிழைத்தாலும் திருத்திக்கொள்ளலாம். தவறவிட்ட சிகிச்சையைத் திருத்தல் அரிது.

இவ்வளவையும் கேட்ட அம்மாணவி சற்றுநேரம் பேசாதிருந்தாள். பின், "அப்ப வாற கிழமை ஊசிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன், சேர்" என்று எழுந்தாள். பத்திரிகைத் துண்டு என் மேசையிலேயே கிடக்கிறது.