மூன்று பிரதி... ஒரே பீரோ!

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டம் மறக்கவே முடியாத இரண்டு நாள்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை! தாமிரபரணி கரைமீறி, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தத்தளித்தன.

வெள்ளம் வடிந்ததும் ஏரலில் சித்தி வீட்டுக்குப் போனேன். வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் மொட்டை மாடியில் கூழாகிக் காய்ந்துகொண்டிருந்தன.

“எதுக்கும் இருக்கட்டும்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஜெராக்ஸ் போட்டு வச்சிருந்தேன்யா... எல்லாம் ஒரே பீரோவுக்குள்ளதான கெடந்துச்சு!” என்றார் சித்தி.

மூன்று பிரதி இருந்தும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கம்ப்யூட்டர்காரர்கள் இதை ‘ஃபெயிலியர் டொமைன்’ என்பார்கள். ஒரே அடியில் சேர்ந்து விழக்கூடியவை எல்லாம் ஒரே வட்டம். பல சர்வர்களைக் கூட்டாக இயக்கும் ‘செஃப்’ போன்ற சேமிப்பு மென்பொருள், ஒரு தகவலை வழக்கமாக 3 பிரதி எடுத்து, வெவ்வேறு சர்வர்களில் வைக்கும். ஒரு சர்வர் பழுதானால் கவலையில்லை. ஆனால், மூன்று சர்வர்களும் ஒரே ரேக்கில், ஒரே மின் இணைப்பில் இருந்தால்? இணைப்பு போனால் மூன்றும் போச்சு!

அதனால், ‘ஒவ்வொரு பிரதியும் வேறு வேறு ரேக்கில்’ என்று விதியை மாற்றி வைப்பார்கள். ஆனால், எந்த சர்வர் எந்த ரேக்கில் இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது; மனிதர்தான் சொல்ல வேண்டும். ரேக்குகளும் மூன்று வேண்டும். இரண்டே இருந்தால் மூன்றாவது பிரதிக்கு இடம் கிடைக்காது.

ரேக்கோடும் முடியவில்லை. 2021 மார்ச் 10 அன்று, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. அசலோடு நகலும் சாம்பல்!

எனவே, ‘எத்தனை பிரதி இருக்கிறது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எது போனால் எல்லாம் சேர்ந்து போகும்?’ என்று கேளுங்கள். அசல் வீட்டில், ஒரு நகல் வெளியூர் உறவினரிடம், ஸ்கேன் செய்த பிரதி கிளவுடில். போனில் அழித்தால் கிளவுடிலும் அழிகிற மாதிரி ‘சிங்க்’ போட்டிருந்தால், அந்த இரண்டும் ஒரே பீரோதான். கவனம்!

சித்தி இப்போது ஒரு செட் நகலை மதுரையில் இருக்கும் மகளிடம் கொடுத்துவைத்திருக்கிறார். உங்கள் வீட்டு நகல் எங்கே இருக்கிறது? இன்று ராத்திரியே பீரோவைத் திறந்து பாருங்களேன்.