பழைய கோடரியின் முத்திரையைத் தேய்த்து அழிக்காதீர்கள்

பழம்பொருள் சந்தையில் கிடைக்கும் சில ஸ்டான்லி இழைப்புளிகளின் பிளேடைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே வார்ப்பிரும்பில் மூன்று தேதிகள் இருக்கும்: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. முதல் தேதியைக் காட்டி, "1902-ல் செய்தது" என்பார் விற்பவர். அது தவறு. மூன்றும் காப்புரிமை பெற்ற தேதிகள். கடைசித் தேதி 1910 என்பதால், இழைப்புளி அதற்கு முன் வார்க்கப்பட்டிருக்கவே முடியாது.

துருவின் கனத்தைப் பார்த்து வயது சொல்வது வெறும் ஊகம். கருவியைச் செய்த நிறுவனத்தின் வரலாறுதான் நம்பகமான சாட்சி.

பிலடெல்பியாவின் டிஸ்டன் ரம்பங்களே இதற்கு நல்ல உதாரணம். 1840-ல் தொழில் தொடங்கிய ஹென்றி டிஸ்டன், 1865-ல் மூத்த மகனைப் பங்குதாரராக்கினார். கைப்பிடியில் பதித்த பித்தளை வில்லையில் 'டிஸ்டன் அண்ட் சன்' என்ற பெயர் ஏறியது. 1871-ல் மற்ற மகன்களும் சேர, 'சன்' என்பது 'சன்ஸ்' ஆனது. ஒருமைப் பெயர் கொண்ட வில்லை அந்த ஆறேழு ஆண்டுகளுக்கே உரியது. ஒரு குடும்பத்தின் பாகப்பத்திரமே அந்தச் சிறு வில்லையில் இருக்கிறது!

கோடரிக்கும் இதே கணக்குதான். கோடரி செய்த கெல்லி நிறுவனத்தை 1930-ல் 'அமெரிக்கன் போர்க் அண்ட் ஹோ' வாங்கியது. வாங்கிய நிறுவனத்தின் 'ட்ரூ டெம்பர்' பெயரும் 'கெல்லி ஒர்க்ஸ்' என்பதும் ஒரே தலையில் சேர்ந்திருந்தால், அந்தக் கோடரி 1930-க்கு முந்தையது அல்ல.

ஒரே தடயத்தை நம்பிவிடவும் கூடாது. பிளேடு தேய்ந்தால் வேறு பிளேடு போடுவார்கள். காம்பு உடைந்தால் புதுக் காம்பு செருகுவார்கள். இதய வடிவ முத்திரையுள்ள ஸ்டான்லி பிளேடு 1920-களைக் காட்டலாம். அதைத் தாங்கும் உடல் அதற்கும் மூத்ததாக இருக்கலாம். உடல், பிளேடு, திருகு என ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்த பிறகே ஆண்டைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சாட்சியத்தையும் ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகிறது கிரைண்டர். பளபளப்பாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று கோடரித் தலையைச் சாணையில் கொடுக்கிறார்கள். ஆழமில்லாத முத்திரை துருவோடு சேர்ந்து போய்விடுகிறது. போனது திரும்பாது.

வீட்டில் பழைய கருவி இருந்தால், முதலில் எண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால், மங்கிய எழுத்தும் தாளில் எழும்பும். அதைப் படித்துக் குறித்துக்கொள்ளும் வரை உப்புத்தாளைக்கூடத் தொடாதீர்கள்.