முதலில் தண்ணீர், பின்னரே கேள்வி

இந்நாளில் மாணவர் பலர் பட்டப்படிப்பு முடிந்ததும் ஓரிரண்டு ஆண்டுகளைப் பிறநாட்டுத் தொண்டிற் செலவிட விரும்புகின்றனர். விருப்பம் உயர்ந்ததே. ஆயின், 'அங்கே நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?' என்று எண்ணுவோருள், 'அங்கே நம்மைத் தாங்கப் போகிறவர் யார்?' என்று எண்ணுவோர் சிலரே. இவ்வாரம் அந்த இரண்டாவது வினாவை எடுத்துக்கொள்வோம்.

1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க ஜனாதிபதி கெனடி, 'சமாதானப் படை' என்னும் தொண்டர் அமைப்பைத் தோற்றுவித்தார். மறு ஆண்டிலே இலங்கைக்கும் அதன் தொண்டர்கள் வந்து பாடசாலைகளிற் கற்பித்தனர். அதன் முதற் குழுவோ 1961 ஆகஸ்ட் 30ஆம் திகதி ஆபிரிக்காவின் கானா நாட்டில் வந்திறங்கியது. ஐம்பது பேரளவினரான அவ்விளம் ஆசிரியர்கள், விமான நிலையத்திலேயே அந்நாட்டுப் பாடலொன்றைத் துவி மொழியிற் பாடினர். கற்பிக்க வந்தவர்கள், தாம் கற்கவும் ஆயத்தமென்று அந்த ஒரு பாட்டினாலே அறிவித்துவிட்டனர்.

கானாவின் ஆக்கான் மக்களிடம் ஒரு வழக்கமுண்டு. வந்தவரை 'அக்வாபா' என வரவேற்று, ஆசனமளித்து, முதலில் அருந்தத் தண்ணீர் கொடுப்பர். அவர் களைப்பாறிய பின்னரே, வந்த காரியம் யாதென வினவுவர். வந்தவர் யார், அவரால் நமக்கு என்ன பயன் என்ற கணக்கெல்லாம் தண்ணீருக்குப் பின்னர்தான். நம் ஊர்த் திண்ணைகளும் அறிந்த பண்பே இது.

இவ்வகை ஊரொன்றிற் புகும் மாணவர், வந்த அன்றே குழந்தையாகிவிடுகிறார். மரவள்ளியையும் வாழைக்காயையும் அவித்து உரலிலிட்டு இடித்த 'புபு' என்னும் உணவை, மெல்லாமல் விழுங்குவது எப்படியென்று யாரேனும் காட்டவேண்டும். இடக்கையால் எதையும் நீட்டலாகாது என்று யாரேனும் சொல்லவேண்டும். மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசும்போது, சிரித்தாலும் வெறுக்காமல் திருத்தவேண்டும். ஆண்டிறுதி அறிக்கையில், தொண்டர் நடத்திய வகுப்புகளுக்குக் கணக்கிருக்கும். அவருக்கு அயல்வீட்டுத் தாய் காட்டிய பொறுமைக்குக் கணக்கேது? அதுவும் தொண்டுதானே!

இதனை மறந்தால் விளைவதென்ன? அதே 1961ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நைஜீரியாவின் இபதான் நகரில் நடந்ததை நோக்குவோம். அங்கு பயிற்சிக்கு வந்திருந்த தொண்டர் ஒருவர், அவ்வூர் வாழ்வின் வறுமையைக் கண்ட அதிர்ச்சியைத் தபாலட்டையில் எழுதித் தம் நாட்டு நண்பருக்கு அனுப்ப முயன்றார். அட்டை வழியில் தவறி, பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரின் கையிற் சிக்கிற்று. பிரதிகள் பரவின; மாணவர் கொதித்தெழுந்தனர். எழுதியவர் மன்னிப்புக் கோரி நாடு திரும்ப நேர்ந்தது.

அவர் பொய் எழுதினாரல்லர், தீய நெஞ்சினருமல்லர். புதிய இடத்தில் திகைத்த இளம் உள்ளத்தின் சொற்களே அவை. ஆயினும், சுதந்திரம் பெற்று ஓராண்டே கடந்திருந்த நாட்டின் இளைஞர்க்கு, விருந்தாக ஏற்றவரின் வாயிலிருந்து அச்சொற்கள் வந்தது சுட்டது. தமது வறுமை அவர்கள் அறியாததன்று. அதனை வேடிக்கைப் பொருளாக வேற்றூருக்கு அனுப்புவதையே அவர்களால் தாங்க முடியவில்லை.

அன்று அட்டையொன்று தவறி விழவேண்டியிருந்தது. இன்றோ, கைத்தொலைபேசியில் எடுத்த படம் கண்ணிமைக்கும் நேரத்தில் உலகைச் சுற்றுகிறது. கிழிந்த சட்டையணிந்த குழந்தையை அணைத்தபடி நிற்கும் படத்தை ஊருக்கு அனுப்புமுன், அக்குழந்தையின் தாய் அதைப் பார்த்தால் முகம் மலர்வாளா, வாடுவாளா என்று எண்ணிப் பார்க்கவேண்டாமா?

பிறநாடு செல்லும் மாணவர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: வீட்டுக்கு எழுதும் கடிதம் எதுவாயினும், தண்ணீர் தந்தவரின் முன் உரக்க வாசிக்கக் கூடியதாயிருக்கட்டும். குறைகளை மறைக்கவேண்டுமென்பதில்லை, அவரோடு அமர்ந்து பேசக்கூடிய குறையை எழுதுவதில் தவறில்லை. அவருக்குத் தெரியாமலே எழுதவேண்டிய சொல்லாயின், அதை எழுதாதிருத்தலே நன்று.