பனிக்கு அடியில் பகை

வடதுருவக் கடற்பனி உருகினால் வெயிலையும் காற்றையுமே குறை கூறுகிறோம். நண்பர்களே, பகை அடியிலும் இருக்கிறது! 1893–96இல் ‘ஃபிராம்’ கப்பலில் பனியோடு மிதந்து சென்ற நான்சென், குளிர்ந்த மேல்நீருக்குக் கீழே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் கிடப்பதைக் கண்டார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டப்படிப்பு என்னுடையது. இதைச் சொன்னதும் அம்மா, “அண்டாவில் மேல்தண்ணீர்தானே முதலில் சுடும்?” என்று கேட்டாள். சரியான கேள்வி! விடை உப்பு. அட்லாண்டிக் நீரில் உப்பு மிகுதி. கனத்தால் கீழே அடங்கிக் கிடக்கிறது. அதன்மேல் உள்ள உப்புக் குறைந்த அடுக்கே பனிக்குக் கவசம். பாரன்ட்ஸ் கடலின் வடபகுதியில் அக்கவசம் மெலிந்துவிட்டது. குளிர்காலத்தில்கூட அங்கே பனி குறைகிறது. கோடையில் திறந்த நீர் விழுங்கிய வெயிலோ, மீண்டும் உறைவதைத் தாமதமாக்குகிறது.

செயற்கைக்கோள் பனியின் பரப்பைக் காட்டும். 2012 செப்டம்பரில் ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டர்தான் மிஞ்சியது. அடிநீரின் வெப்பத்தை அளக்கும் கருவிகளுக்கும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.