முதலில் டாக்டர், பிறகு பணம்!

பிள்ளைக்கு விமானம் ஓட்ட ஆசை. நல்ல ஆசைதான். 1929-ல் இந்தியாவின் முதல் விமானி லைசென்சை ஜே.ஆர்.டி. டாட்டா வாங்கினார். இன்று நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் வாங்குகிறார்கள்.

ஆனால், பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். அதற்காக வீட்டை அடகு வைக்கும் பெற்றோர் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு டாக்டரிடம் போகிறார்கள். "சிவப்பும் பச்சையும் பையனுக்குப் பிரித்துத் தெரியவில்லையே!" என்று டாக்டர் சொன்னால் என்ன ஆகும்? பணமும் போச்சு, ஆசையும் போச்சு!

கண், காது, இருதயம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று இல்லாவிட்டால், சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது. ஆகவே, அந்தச் சோதனையை முதலிலேயே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சோதனையில் தேறிய பிறகும் அவசரம் கூடாது. தொழில்முறை லைசென்சு வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பரீட்சைகளும் உண்டு.

லைசென்சு வந்ததும் வேலை தேடி வராது. பெரிய விமானங்களில் ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் பயிற்சி; அதற்குத் தனிச் செலவு. பயணிகள் விமானத்தின் தலைமை விமானி ஆவதற்கு வேறு லைசென்சு. அதற்கு 21 வயதும், 1,500 மணி நேரப் பறப்பும் தேவை.

இதையெல்லாம் கணக்குப் போட்ட பிறகே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

பிள்ளை பறக்கட்டும்; வீடு பறிபோகக் கூடாது!