எட்டுக்கால் பூச்சியும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுப் பாலத்தில் நடக்க இடம் இருக்காது. சென்னையிலிருந்து வந்த கார்கள், முழங்கை நீளத்துக்கு லென்ஸ்கள், எல்லாம் ஏரியில் நிற்கும் பூநாரைகளைப் பார்த்தபடி. நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீமைக் கருவேலம் புதருக்குள் தலையை விட்டபடி நிற்பேன். "பெரியவரே, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டவர்கள் உண்டு.

தொலைத்ததுதான். முப்பது வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு, ஆகவே எட்டுக்கால் பூச்சி பூச்சியே அல்ல என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதோடு சரி. அதன் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த வாரம், ஜன்னல் கட்டையில் அரிசி நீளத்துக்கு ஒரு குதிக்கும் சிலந்தி. நான் குனிந்தேன். அது உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்தது. எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கும் இரண்டும் கார் விளக்கு மாதிரி. அந்தக் கண்ணின் லென்ஸ் அசையாது, உள்ளே இருக்கும் விழித்திரைதான் அசையும் என்பதைப் பிறகு படித்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

இதற்கு லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. காட்டுயிர்ப் படங்களால் பெயர் பெற்ற மா. கிருஷ்ணன், பல பாகங்களைத் தாமே சேர்த்துக் கட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு வேலை செய்தவர். என்னிடம் இருந்தது ஃபிலிம் காலத்து 28 மி.மீ. லென்ஸ் ஒன்று. சில நூறு ரூபாய்க்கு ஒரு வளையம் வாங்கி, அதைக் கேமராவில் தலைகீழாக மாட்டினேன். பொருளின் நிஜ அளவைப் போல் சுமார் இரண்டு மடங்கு பிம்பம் விழுகிறது. பழைய லென்ஸ் என்றால் துவாரத்தைச் சுருக்கும் வளையம் அதிலேயே இருக்கும். புது லென்ஸ்களில் பல இந்த விஷயத்தில் தகராறு செய்யும். சிலந்திக்கு நாலு விரற்கடை தூரத்தில் போய் நிற்க வேண்டும். ஃபோகஸுக்கு எதையும் திருகக் கூடாது, உடம்பைத்தான் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். இடது கையால் அந்தக் கிளையையே பிடித்து, அந்தக் கை மேலேயே லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் காற்று அடித்தாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும்.

கை நடுங்குகிறதே என்று கவலைப்படும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் வெளிச்சம் நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். நடுக்கம் படத்தில் தெரியாது. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை எண்ணெய் கேனில் வெட்டிய ஒரு துண்டு, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: தலைகீழ் லென்ஸின் பின்பக்கம் திறந்தே கிடக்கும். நம் ஊர் உப்புக்காற்று சும்மா விடாது. வீட்டுக்கு வந்ததும் துடைத்து மூடிவிட வேண்டும்.

நம் ஊருக்கு இதில் ஒரு சொந்தம் கூட உண்டு என்று நினைத்துக்கொள்வேன். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். அதே நூற்றாண்டில் அவர்கள் நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், கடுகளவு லென்ஸ் ஒன்றைத் தானே செய்து பேனையும் தேனீயின் கொடுக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். டச்சுக் கல்லறைக்குப் போகிறவர்கள் வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பத்தைப் படம் எடுக்கிறார்கள். அதன் இடுக்கில் வலை கட்டியிருப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

இப்போது சொல்ல வந்த விஷயம். இவ்வளவு கிட்டத்தில் ஒரு கண் தெளிவாக விழுந்தால் பக்கத்துக் கண் மங்கிப் போகும். அதனால் ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இருபது, முப்பது படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாக்குகிறார்கள். அதுவரை உயிருள்ளது அசையாமல் இருக்குமா? ஃபிரிட்ஜில் வைத்து மயக்கினால் இருக்கும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் செய்தேன். ஜன்னலில் என்னைத் திரும்பிப் பார்த்த இனத்திலேயே ஒன்று. மாத்திரை டப்பாவில் போட்டு, பத்து நிமிடம் என்று வைத்து, தொலைபேசி வந்து மறந்துபோனேன். மாவுச் சட்டியை எடுக்கப் போன மனைவிதான், "ஏங்க, இந்த டப்பாவுல என்ன?" என்று கொண்டு வந்தாள். கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. வெட்கமாக இருக்கிறது, அப்போதும் நான் படம் எடுத்தேன். முப்பத்திரண்டு படம், எட்டுக் கண்ணும் துல்லியம். பார்த்த இரண்டு பேரும் இதுதான் உன் படங்களிலேயே சிறந்தது என்றார்கள். அதற்குப் பிறகு அதை யாருக்கும் காட்டவில்லை.

பத்து நிமிடத்தில் எடுத்திருந்தால் தப்பில்லையே என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. மார்கழிப் பனி அதே வேலையைச் செலவில்லாமல் செய்கிறது. விடிகாலையில் தட்டானும் ஈயும் உடம்பெல்லாம் பனித்துளியோடு மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறினால் தானாகப் பறந்துபோகும். நாம் ஐந்து மணிக்கு எழ வேண்டும், ஏழரைக்குள் முடிக்க வேண்டும், பல நாள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். வலை போடப் போகிறவர்களுக்கு இது புதிதா என்ன?

போன வாரம் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு படகின் கயிற்றுக்கு நடுவே, வலையில் பெருக்கல் குறி போட்டு உட்காரும் சிலந்தி ஒன்று இடம் பிடித்திருக்கிறது. படகுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "அடுத்த வாரம்தான் தண்ணியில இறக்குவோம் சார், அதுக்குள்ள எடுத்துக்குங்க" என்றார். நேற்று காற்று. இன்றும் காற்று. நாளை பார்க்க வேண்டும்.